அமுக்கராக் கிழங்கும் இராத்தூக்கமும்

இரவில் கண் மூடவில்லையென்று முறையிடும் முதியோர் இல்லாத கிராமம் இல்லை. அவர்களுக்கு வீட்டார் பாலில் காய்ச்சிக் கொடுத்துவரும் மூலிகைகளில் அமுக்கரா பிரதானமானது. கத்தரி, மிளகாய் முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் பச்சை வேரில் குதிரையின் வாடை வீசும். ஆதலின் வடமொழியில் அசுவகந்தா எனப் பெயர் பெற்றது. தாவர நூலார் இட்ட ‘சோம்னிஃபெரா’ என்னும் லத்தீன் பெயருக்குத் தூக்கம் தருவது என்று பொருள்.

உள்ளுக்குச் சாப்பிட உரியது வேர் மட்டுமே. இலையைக் கஷாயமிட்டு அருந்தலாகாது. மருந்து செய்வோரும் இலையைச் சேர்க்க வேண்டாமென்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் அறிவுறுத்தியது.

விதைத்த 5, 6 மாதங்களில் காய்கள் சிவந்து இலைகள் உலரத் தொடங்கும். அப்பொழுது வேரைத் தோண்டிக் கழுவி, துண்டுகளாக்கி, நன்றாக உலர்த்தி இடித்துக்கொள்க. சித்த மருத்துவ முறையில் இதனைச் சுத்தி செய்வதுண்டு. பானையில் பாலும் நீரும் சமமாக ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பிப் பிட்டுப்போல் அவித்து, மீண்டும் உலர்த்திச் சலிக்க வேண்டும். இப்பொடியில் 3 கிராம் எடுத்து, ஒரு தம்ளர் பாலில் காய்ச்சிப் பனங்கற்கண்டு சேர்த்துப் படுக்குமுன் அருந்தலாம். சிலர் இதனைத் தேயிலை நீரில் கலக்கின்றனர். தூக்கத்தைக் கெடுக்கும் பானத்தில் தூக்கத்திற்கு மருந்திடுவது என்ன விவேகமோ!

முதல் நாளிலேயே குணம் எதிர்பார்க்கற்க. வேர்ச் சத்தை வைத்து நடந்த சோதனைகளில், 8 வாரம் உட்கொண்டோர்க்கே தூக்கம் ஓரளவு கூடியது. 3 மாதத்திற்கு மேல் தொடர்ந்து உட்கொள்ளுதல் தகாது.

மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பலம் தருமென்று எண்ணி இதனைக் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது ஆகாது. கருச்சிதைவு உண்டாகலாமென்ற அச்சத்தினால் டென்மார்க்கு தேசம் 2023-ல் இதனைத் தடை செய்தது. தைராய்டு, ஈரல் நோயுள்ளோரும், தூக்க மாத்திரையோ நீரிழிவு, இரத்த அழுத்த மருந்தோ உண்போரும் வைத்தியரைக் கேளாமல் தொடலாகாது. இதனை உட்கொண்ட சிலருக்கு ஈரல் கெட்டுக் காமாலை கண்டதுமுண்டு. கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், உடம்பெங்கும் நமைச்சல் எடுத்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்க. மீதிப் பொடியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுக.