லாரிச் சாலைக்கும் ராஜ வீதிக்கும் ஒரே கார்

திருமுக்கூடலில் இருந்து தினமும் காஞ்சிபுரம் போய் வருகிறவருக்கு, ‘சிட்டி கார்’ என்று ஷோரூமில் காட்டுவது பாதிதான் பொருந்தும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் பழைய சீவரத்தில் மெயின் ரோட்டைப் பிடித்து வாலாஜாபாத் போய்ச் சேரும்வரை முன்னும் பின்னும் ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள். காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டுக்குள் நுழைந்துவிட்டாலோ நிலைமை தலைகீழ். முகூர்த்த நாளில் பட்டுக்கடை வாசலெல்லாம் வெளியூர் வேன்கள் நிற்க, இரண்டாம் கியருக்கு மேல் வேலையே இருக்காது. அகலமான கார் வாங்கினால் ஊருக்குள் திணறும். தகடு மெலிந்த கார் வாங்கினால் லாரிகளுக்கு நடுவே வயிற்றைப் பிசையும்.

எந்தக் காரைக் காட்டினாலும் நம் வீட்டில் வரும் முதல் கேள்வி, “எவ்வளவு கொடுக்குது?” என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறோம் என்பது. இப்போது ஓட்டும் பைக்கின் மீட்டரை ஒரு மாதம் குறித்து வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரகடம் ஆலைக்குப் போகிறவருக்குக் கம்பெனி பஸ் வந்தால் வேலைக்கென்று கார் தேவையே இல்லை. சென்னையில் வேலை என்றால் செங்கல்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் கார், அதற்கு மேல் மின்சார ரயில் என்று கணக்குப் போடுங்கள். பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் நெரிசலில் எரியும் பெட்ரோலை எந்தச் சின்னக் காரும் மிச்சப்படுத்தித் தராது.

இப்போது கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். ஆல்டோ கே10, வேகன் ஆர் போன்ற ஒரு லிட்டர் இன்ஜின் கார்களுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் 24க்கு மேல். அது சோதனைக்கூட எண். ஏ.சி. போட்டுக்கொண்டு, வீட்டாரை ஏற்றிக்கொண்டு, ஊருக்குள்ளும் ஓட்டினால் 18 என்று வைப்பது நியாயம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் அதிலும் கொஞ்சம் குறையும். சி.என்.ஜி.க்குக் கிலோவுக்கு 34 என்பார்கள்; 25 என்று வையுங்கள்.

மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆண்டுக்குப் பெட்ரோல் செலவு 40,000 ரூபாய், சி.என்.ஜி. செலவு சுமார் 26,000. மிச்சம் 14,000. சி.என்.ஜி. வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை ஏறக்குறைய 90,000 என்றால் அதை எடுக்கவே ஆறு ஆண்டுக்கு மேலாகும். அதுவே மாதம் 1,500 ஓட்டுகிறவருக்கு ஆண்டு மிச்சம் 35,000. இரண்டரை ஆண்டில் போட்ட காசு வந்துவிடும். மாதம் ஆயிரத்துக்குக் கீழே ஓட்டுகிறவர் எரிபொருளை மிச்சம் பிடிக்கவென்று கூடுதல் காசு கொடுப்பது வீண் என்பது என் முடிவு. அந்தக் காசைக் காரின் பாதுகாப்பில் போடலாம்.

சி.என்.ஜி. எடுக்கிறவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் சி.என்.ஜி. பங்க்குக்குப் போங்கள். உங்கள் வழியில் எந்தப் பங்க்கில் கிடைக்கிறது, காலையில் எத்தனை ஆட்டோ வரிசையில் நிற்கிறது, பிரஷர் குறைந்து பாதி சிலிண்டரோடு திரும்ப வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிட்டால் நெய்து முடித்த சேலை மூட்டையைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிற நெசவாளர் பின் சீட்டை மடக்கித்தான் வைக்க வேண்டும். டாடா டியாகோவில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் படுக்க வைத்திருப்பதால் மேலே இடம் மிஞ்சுகிறது.

மின்சாரக் காரில் இரண்டு பெயர்கள்தான் இந்தச் சின்னக் கார்களின் விலைக்கு அருகில் வருகின்றன: எம்.ஜி. காமெட், டியாகோ இ.வி. காமெட் மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம். ஊர்த் தெருவில் சந்தில்கூட வளைத்துத் திருப்பலாம். ஆனால் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு பை வைக்க இடமில்லை. டிப்பருக்குப் பின்னால் அதை ஓட்டிப் போக எனக்கு மனம் வராது. டியாகோ இ.வி.யின் 24 கிலோவாட்-மணி பேட்டரியை வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டால் ஓர் இரவு முழுக்க ஆகும். ஓட்டம் அதிகமுள்ளவருக்கு மாதச் செலவு இதில்தான் மிகக் குறைவு. ஆனால் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 450 யூனிட் சேரும். அந்த யூனிட் எல்லாம் வீட்டின் பழைய கணக்குக்கு மேலே, விலை கூடிய படியில்தான் போய் உட்காரும். யூனிட் 9 ரூபாய் என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 25,000க்குள் முடியும். அதே ஓட்டத்துக்குப் பெட்ரோல் ஒரு லட்சம். கார் விலையில் உள்ள வித்தியாசம் மூன்று லட்சம் என்று வைத்தால் அதை எடுக்க நான்கு ஆண்டாவது ஓட்ட வேண்டும். கைத்தறி உள்ள வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை கட்டணமில்லை. அந்த இணைப்பில் காரைச் சார்ஜ் செய்யலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

இன்னொன்று. கிராமத்தில் கார் வாங்குவதற்குச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் செங்கல்பட்டு ஜி.எச்.சுக்கு ஓட வேண்டும். வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை (மருத்துவமனை) திருமுக்கூடலிலேயே நடந்ததாக வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இன்று பெரிய வைத்தியத்துக்கு ஆற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆகவே மின்சாரக் கார் வைத்திருப்பவர் இரவு பத்து மணிக்குப் பத்து சதவீதச் சார்ஜோடு படுக்கப் போகக் கூடாது.

பாதுகாப்புக்கு வருவோம். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் டியாகோ 2020இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. 2023இல் ஆல்டோ கே10 இரண்டும், வேகன் ஆர் ஒன்றும் வாங்கின. 2025இல் இந்த இரண்டு மாருதி கார்களிலும் ஆறு ஏர்பேக் எல்லா வகைக்கும் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் வேகன் ஆர் சோதனையில் கூடே உறுதியாக நிற்கவில்லை என்றுதான் சொன்னார்கள். பை கூடினால் கூடு கெட்டியாகிவிடாது. உயரமான கூரை, பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கும் கதவு, எந்த மெக்கானிக்கும் கை வைக்கும் இன்ஜின் என்று வேகன் ஆருக்கு இருக்கும் பெயரெல்லாம் உண்மை. ஊருக்குள்ளேயே ஓடுகிறவருக்கு அது போதும். லாரிச் சாலையில் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவருக்கு நான் சொல்வது டியாகோ. மைலேஜில் லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் குறையும், குறையட்டும்.

ஒரகடத்திலேயே தயாராகும் ரெனோ க்விட் தரையிலிருந்து 184 மில்லிமீட்டர் உயரம் நிற்பதால் குண்டும் குழியுமான சாலையில் அடி தட்டாது. எந்தக் கார் எடுத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: இந்தக் கிரஷர் தூசியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம். கூடுதலாக 50,000 வரை கொடுத்துத் தானியங்கி கியர் எடுக்கலாமா என்றால், முழங்கால் வலி உள்ளவர் எடுக்கலாம். டீசல் இந்த வேலைக்கு ஆகாது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 1,200 சி.சி.க்கு உட்பட்ட சின்னப் பெட்ரோல், சி.என்.ஜி. கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அதன்பின் ஆல்டோ கே10 ஷோரூம் விலை 3.70 லட்சத்திலும், டியாகோ 4.57 லட்சத்திலும், வேகன் ஆர் 4.99 லட்சத்திலும் தொடங்கின. இந்தத் தொடக்க விலை பேப்பர் விளம்பரத்துக்கானது. தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம். மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு ஆயிரம் சி.சி.க்குள் 6,521 ரூபாய், அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 10,640 என்று 2022இல் நிர்ணயித்தார்கள். ‘ஆன்ரோடு’ விலையைத் தாளில் எழுதி வாங்கிய பிறகு பேசுங்கள்.

கையில் மூன்று லட்சம்தான் என்றால் பழைய கார் தப்பில்லை. ஃபோர்டு 2022இல் இந்தியாவில் கார் தயாரிப்பை அடியோடு நிறுத்தியதால் ஃபிகோ மலிவாகக் கிடைக்கும். கெட்டியான கார், ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய நேரம் இருப்பவருக்கு மட்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் துடைத்து மெழுகப்பட்டு நம் பக்கம் விலைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கறை அங்கே ஒளிந்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிச் சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். ஆர்.சி.யில் கடன் அடைந்துவிட்டதா, வேறு ஆர்.டி.ஓ. வண்டி என்றால் என்.ஓ.சி. உண்டா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதை ஏற்காதீர்கள். வீட்டில் நால்வரை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, வாலாஜாபாத் சாலையில் லாரிக்குப் பின்னால் ஒரு முறையும் மாலையில் காந்தி ரோட்டில் ஒரு முறையும் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கிற டீலரிடம் வாங்க வேண்டாம்.