கைக்குத் தெரியாத கசிவு

“மானிட்டர் பின்பக்கம் கை பட்டா சுர்ருனு இருக்கு சார்.”

வார்டு சிஸ்டர் இப்படிச் சொன்னதும் எலக்ட்ரீஷியன் வருவார். பிளக்கைப் பிடுங்கி வேறு போர்டில் செருகுவார். சுர்ரென்பது நின்றுவிடும், மெஷினும் ஓடும், எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் எனக்குப் பயம் வருவது அப்போதுதான். பழைய போர்டில் எர்த் இல்லை, மெஷினில் மின்கசிவு இருக்கிறது. இப்படி இரண்டு குறைகள் அங்கே இருந்திருக்கலாம். இரண்டையும் யாரும் சரிசெய்யவில்லை. நாளை அதே போர்டில் வேறொரு நோயாளியின் கருவி செருகப்படும்.

மின்சாரம் ஓடுவது நம் விரலுக்குத் தெரிய ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர், அதாவது 1000 மைக்ரோஆம்பியர் வேண்டும். உலர்ந்த தோல் நமக்குக் கவசமாக இருக்கிறது. ஐசியு-வில் கழுத்து வழியாக சென்ட்ரல் லைன் போட்டவருக்கோ, தற்காலிக பேஸ்மேக்கர் ஒயர் வைத்தவருக்கோ அந்தக் கவசம் கிடையாது. நேராக இதயத்தைத் தொடும் மின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியருக்குக் குறைவாக இருந்தாலும் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும். தொட்டுப் பார்த்து “ஒன்றும் இல்லை” என்று நீங்கள் சொல்லும் மெஷினில் அதைப்போலப் பல மடங்கு கசிவு இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன்: மருத்துவமனையில் தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

சுர்ரென்றால் உடனே என்ன செய்வது?

மாற்று மெஷினை வரவழையுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்து, நோயாளியிடமிருந்து லீடுகளைக் கழற்றுங்கள். வென்டிலேட்டராக இருந்தால் மாற்று மெஷினோ ஆம்பு பையோ தயாராகும்வரை அணைக்கக் கூடாது. கழற்றிய மெஷின்மேல் ‘பயன்படுத்தாதீர்’ என்று எழுதி ஒட்டுங்கள். அது எந்தப் படுக்கையில், எந்த போர்டில் இருந்தது என்பதையும் குறியுங்கள். போர்டையும் சோதிக்க வேண்டும்.

சிஸ்டர்கள் தினமும் பார்க்க வேண்டியவை

பல குறைகள் கண்ணுக்கே தெரியும். 3 பின் பிளக்கில் தடித்த, நீளமான பின்தான் எர்த். அது உடைந்தோ வெட்டப்பட்டோ இருந்தால் அந்த மெஷினை ஒதுக்குங்கள். அதை 2 பின் அடாப்டரில் செருகி ஓட்டவே கூடாது. கட்டிலை ஏற்றி இறக்கும்போது ஒயர் நசுங்குகிறதா, இன்ஃப்யூஷன் பம்ப் மேல் சலைன் ஒழுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் படுக்கையருகே அனுமதிக்காதீர்கள். நான்கு கருவிகள் செருகிய பாக்ஸில் எர்த் ஒயர் ஒன்று அறுந்தால், நான்கின் கசிவும் சேர்ந்து, உலோக உடல் உள்ள ஒவ்வொரு கருவியின் மேலும் வந்து நிற்கும்.

பேஸ்மேக்கர் ஒயர் முனையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒரு கையில் அந்த ஒயரும் மறு கையில் மெஷினும் இருக்கவே கூடாது. பயன்படுத்தாத முனையைத் திறந்தபடி விடாமல் காப்பிட்டு மூடுங்கள்.

லீடு செருகும் இடத்தில் உள்ள சின்னத்தையும் பழகிக்கொள்ளுங்கள். மனித உருவம் மட்டும் இருந்தால் பி வகை, கட்டத்துக்குள் மனித உருவம் இருந்தால் பி.எஃப்., கட்டத்துக்குள் இதயம் இருந்தால் சி.எஃப். முதல் இரண்டுக்கும் இயல்பு நிலையில் நோயாளிக்குள் பாயும் கசிவு 100 மைக்ரோஆம்பியர் வரை இருக்கலாம். சி.எஃப். வகைக்கு 10 மட்டுமே. இதயத்தோடு நேரடித் தொடர்பு உள்ளவருக்கு சி.எஃப். வகைதான் பொருந்தும்.

இன்ஜினீயர் அளக்க வேண்டியவை

பயன்பாட்டில் உள்ள கருவிகளைச் சோதிக்க ஐ.இ.சி. 62353 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. மல்டிமீட்டர் இதற்குப் போதாது, எலக்ட்ரிக்கல் சேஃப்டி அனலைசர் வேண்டும். முதலில் எர்த் தொடர்ச்சி. பவர் கார்டோடு சேர்த்து 0.3 ஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்கும்போது ஒயரை இரு முனைகளிலும் வளைத்துப் பாருங்கள். எண் தாவினால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன என்று பொருள்.

அடுத்தது கசிவு. உலோக உடலுக்கு எர்த் கொடுத்த கருவிகளில், நேரடி முறையில் அளந்தால் கருவியின் மொத்தக் கசிவு 500 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது. சி.எஃப். லீடுகளுக்கு இந்தச் சோதனையில் 50 தான் வரம்பு; முன்பு சொன்ன 10 இயல்பு நிலைக்கானது. இங்கே பலர் தவறுகிறார்கள்: சென்ட்ரல் மானிட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றாமல், உலோக ட்ராலியில் வைத்தபடியே அளக்கிறார்கள். கசிவு அந்த வழியாகவும் ஓடிவிடுவதால் மெஷின் நல்லதுபோலத் தெரியும்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? தயாரிப்பாளரின் கையேடு சொல்வதே முதல் விதி. அதில் இல்லையென்றால் ஐசியு, ஆபரேஷன் தியேட்டர் கருவிகளுக்கு 6 மாதம், மற்றவற்றுக்கு ஒரு வருடம் என்பது என் யோசனை. கருவியைப் பிரித்து ரிப்பேர் செய்தால், தேதி எதுவானாலும், சோதித்த பிறகே வார்டுக்கு அனுப்புங்கள்.

நிர்வாகிகளுக்கு

ஏ.எம்.சி. ஆட்கள் ஒட்டும் கேலிப்ரேஷன் ஸ்டிக்கரைப் பார்த்து நிம்மதியடையாதீர்கள். மானிட்டர் காட்டும் பி.பி. சரியா என்பதை அது சொல்லும். கசிவு எவ்வளவு என்று சொல்லாது. ரிப்போர்ட்டில் ‘பாஸ்’ என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள், எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். போன வருடம் 80 மைக்ரோஆம்பியர் கசிந்த மெஷின் இந்த வருடம் 320 காட்டினால், வரம்புக்குள் இருந்தாலும் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. எண் இருந்தால்தான் அது தெரியும்.

வார்டில் ஒரு நோட்டும் வையுங்கள். “சுர்ருனு இருக்கு” என்று சிஸ்டர் சொன்ன தேதி, படுக்கை எண், போர்டு எண், பிறகு இன்ஜினீயர் அளந்த எண் எல்லாம் அதில் ஏறட்டும். அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும்வரை, அந்த மெஷினும் அந்த போர்டும் எந்த நோயாளிக்கும் வேண்டாம்.