ஆட்டு வயிற்றில் புழு... வீட்டுக்குள்ளும் எச்சரிக்கை!

கார்த்திகை மாதம். இரண்டு வாரமாக விட்டுவிட்டுப் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஓர் அம்மா, வெள்ளாடு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நம் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். இறக்கி விட்டால் ஆட்டுக்கு நிற்கத் தெம்பில்லை. தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு, நீர் கோத்தாற்போல் ஒரு வீக்கம்.

"எட்டு உருப்படி வச்சிருந்தேன் சார். மழை ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு போயிடுச்சு. இது மூணாவது. பொண்ணு காலேஜ் பீஸுக்கு இதுங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"கழிச்சல் இருக்காம்மா?"

"இல்ல சார். புழுக்கை நல்லாத்தான் போடுது. தீனிகூடக் கொஞ்சம் தின்னுது. ஆனா நிக்க மாட்டேங்குது."

ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டிய உள்தோல், வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

"பூச்சி மருந்து தர்றீங்களா?"

"மாசாமாசம் தர்றேன் சார். நாலு வருஷமா அதே மருந்துதான். குட்டி, பெருசுன்னு பார்க்காம எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு மூடி!"

மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அவரே பேச்சுவாக்கில் சொன்னார்: "ரெண்டாவது ஆட்டை, செத்துடும்போல இருக்கேன்னு அறுத்துட்டோம். ஈரல்ல தண்ணி முட்டை மாதிரி ரெண்டு மூணு இருந்துச்சு. அருவருப்பாப் போச்சு, நாங்க தொடலை. நாய்க்குப் போட்டுட்டோம்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"பையன் நாலாவது படிக்கிறான் சார். அந்த நாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான்."

ஆட்டைப் படுக்கவைத்தது ஒரு புழு. ஈரலில் 'தண்ணி முட்டை'யாக இருந்திருக்கக்கூடியது முற்றிலும் வேறொரு புழு. ஆனால் இரண்டும் உயிர்களுக்குள் நுழைகிற வழி ஒன்றுதான்: சாணமும் வாயும் சந்திக்கிற இடம்! அந்தச் சந்திப்பைத் தடுக்காமல் பாட்டில் பாட்டிலாக மருந்து ஊற்றினாலும் பலனில்லை. எப்படி என்று பார்க்கலாம்.

தினமும் ரத்தம் குடிக்கும் புழு

ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அதில் நான்காவது அறையில் தங்கி ரத்தம் குடிப்பது 'ஹீமாங்கஸ்' என்ற உருண்டைப்புழு. நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். பெண் புழுவின் உடலில் சிவப்பும் வெள்ளையும் கயிறு திரித்தாற்போலப் பின்னிக்கிடக்கும். சிவப்பு, அது குடித்த ஆட்டு ரத்தம்.

ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும். 'இவ்வளவுதானா?' என்று நினைக்கிறீர்களா? ஒரு ஆட்டில் 500 புழுக்கள் இருந்தால் தினமும் 25 மில்லி. 15 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஒரு லிட்டர் சுமார்தான். ஒரு வாரத்தில் 175 மில்லி போனால் எலும்பு மஜ்ஜை எவ்வளவுதான் ஈடுகட்டும்?

ரத்தத்தில் உள்ள புரதமும் சேர்ந்து குறைவதால்தான் தாடைக்குக் கீழே நீர் கோக்கிறது. இந்தப் புழுவுக்குக் கழிச்சல் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான், 'புழுக்கை நல்லாத்தானே போடுது' என்று பலர் ஏமாந்து போகிறார்கள்.

மழைக்குப் பின் ஏன் சாகிறது?

பெண் புழு ஒன்று ஒரே நாளில் 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். அவை புழுக்கையோடு தரையில் விழும். வெயில் காய்ந்தால் பெரும்பாலானவை கருகிவிடும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்துவிட்டால், ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, ஆட்டைத் தொற்றக்கூடிய இளம்புழுவாகி, பனித்துளியிலும் மழைநீரிலும் நீந்திப் புல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்துக்குள்தான் இருக்கும். அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் வயிற்றுக்குள் போய் மூன்று வாரத்தில் அதுவே முட்டையிட ஆரம்பித்துவிடும்.

நம் அம்மாவின் வழக்கத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மில் வேலைக்குப் போகவேண்டும் என்பதால், ஆறு மணிக்கே ஆடுகளை ஏரி உள்வாயில் பனி ஈரத்தோடு மேயவிட்டு வந்துவிடுவார். பல வீட்டு ஆடுகள் தினமும் மேய்ந்து மொட்டையடித்த இடம் அது. புல் குட்டையானால் ஆட்டின் வாய் தரையோடு உரசும். வெள்ளாடு இயல்பிலேயே தழை கடிக்கிற பிராணி. நிமிர்ந்து நின்று இலை தின்னவேண்டிய அதன் தலையைக் குனியவைத்தது நாம்தான்!

எந்த ஆடுகளுக்கு ஆபத்து அதிகம்?

பால் மறந்து புல் கடிக்கத் தொடங்கிய குட்டிகளுக்கு எதிர்ப்பு சக்தி இன்னும் வந்திருக்காது. குட்டி ஈன்ற தாய் ஆடுகளுக்கு அந்தச் சமயத்தில் எதிர்ப்பு சக்தி குறைந்து, அவை புழு முட்டைகளை அதிகமாக வெளியேற்றும். அருகிலேயே மேயும் சொந்தக் குட்டிகளுக்கு அதுவே வினை. தீனி போதாத ஆடுகள், சந்தையிலிருந்து புதிதாக வந்தவை, குறுகிய இடத்தில் நெருக்கியடித்து அடைக்கப்பட்டவை ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

'மாசாமாசம் மருந்து தர்றேனே...'

அதுதான் சிக்கலே! பெரிய ஆட்டுக்கும் குட்டிக்கும் ஒரே மூடி என்றால், பெரிய ஆட்டுக்கு மருந்து போதாது. பாதி மருந்தில் பலவீனமான புழுக்கள் சாகும். பலசாலிகள் தப்பித்துக் குடும்பம் நடத்தும். அதே மருந்தை வருடக்கணக்கில் தந்தால், மருந்துக்கு மசியாத புழுக்களை நாமே பொறுக்கி எடுத்து வளர்த்ததாக ஆகிவிடும். அல்பெண்டசோல், பென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு மசியாத ஆட்டுப் புழுக்கள் தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கின்றன.

இன்னொரு விஷயம். வெள்ளாட்டின் உடல், பல பூச்சி மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகச் செரித்து வெளியேற்றிவிடும். அதனால் செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல் போகலாம். அதற்காக நீங்களாகவே கூட்டி ஊற்றிவிடக் கூடாது. சில மருந்துகளில் கொஞ்சம் கூடினாலும் விஷமாகும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் தந்தால் குட்டி ஊனமாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. எடை போட்டு, டாக்டர் சொல்லும் அளவுதான் சரி. மருந்து தந்த பின் எத்தனை நாள் பாலையும் கறியையும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'எல்லா ஆட்டுக்கும், எல்லா மாதமும்' என்ற பழக்கத்தை விடுவதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. 1990-களில் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 'ஃபமாச்சா' என்றொரு வண்ண அட்டையை உருவாக்கினார்கள். ஆட்டின் கீழ் இமையின் உள்நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு என்றால் ஒன்று, வெளுத்திருந்தால் ஐந்து. நான்கு, ஐந்து என்றால் கட்டாயம் மருந்து. மூன்று என்றால், குட்டிக்கும் மெலிந்த ஆட்டுக்கும் தரலாம். சிவந்திருந்தால் விட்டுவிடலாம். ஒரு மந்தையில் பெரும்பான்மையான புழுக்கள் சில ஆடுகளிடம்தான் இருக்கும் என்பதால் இந்த முறை பலன் தருகிறது.

அட்டை இல்லையா? பரவாயில்லை. மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில் எல்லா ஆட்டின் இமையையும் பாருங்கள். ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டாலே வெளுத்தது எது என்று தெரிந்துவிடும். அதன் புதுப் புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வாருங்கள். இமை வெளுக்க வேறு காரணங்களும் உண்டு. அதைப் பரிசோதனைதான் சொல்லும்.

கோழிக்குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல்

கோழி வளர்ப்பவர்களுக்கும் இதே பாடம்தான். மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒடுங்கி, ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் 'காக்சிடியா'வின் வேலை. இது புழு அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓரணு ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியேறும் இதன் முட்டைகள், ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டே நாளில் தொற்றுவதற்குத் தயாராகிவிடும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இவை அசைந்துகொடுக்காது. காய்ந்த தரைதான் இவற்றுக்கு எமன்.

ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றியுள்ள ஈரக் கூளத்தைத் தினமும் அள்ளிக் காய்ந்ததைப் போடுங்கள். தரையில் குருணையை இறைக்காமல் தட்டில் வையுங்கள். பெரிய கோழிகளோடு குஞ்சுகளைச் சேர்த்து அடைக்காதீர்கள். நோய் வந்துவிட்டால் டாக்டரிடம் கேட்டுத் தண்ணீரில் மருந்து கலந்து உடனே தரவேண்டும். இந்தக் கோழி நோய் மனிதருக்குத் தொற்றாது, பயம் வேண்டாம்.

'சாணமும் வாயும்' என்ற கணக்குக்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. எருமை, பசுங்கன்றுகளுக்குத் தாயின் பால் வழியாகவே ஒருவகை உருண்டைப்புழு வரும். அதனால்தான் கன்று பிறந்த பத்தாம் நாள் வாக்கிலேயே முதல் பூச்சி மருந்து தரச் சொல்கிறோம்.

நாய்க்குப் போட்ட ஈரல்

இப்போது அந்தப் பையன் கதைக்கு வருவோம்.

ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சிலசமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். 'எக்கினோகாக்கஸ்' என்ற நாடாப்புழுவின் இளம்பருவம் அது. அந்தக் கட்டியை நாய் பச்சையாகத் தின்றால், அதன் குடலில் ஆயிரக்கணக்கில் புழுக்கள் வளரும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. நாய்க்கோ ஒன்றும் செய்யாது, வாலாட்டிக்கொண்டு திரியும். ஆறேழு வாரத்தில் அதன் மலத்தில் முட்டைகள் வெளியேறத் தொடங்கும். மண்ணிலும் கீரையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருக்கும் அந்த முட்டைகள், கை வழியாகக் குழந்தையின் வாய்க்குள் போனால் குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ அதேபோல் கட்டி வளரும். மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில்! வயிற்று வலி, இருமல் என்று எப்போதோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்கும் தெரியவரும். கட்டி உள்ளே உடைந்தால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை, ஊசி மூலம் நீரை எடுத்தல், அறுவை சிகிச்சை என்று வைத்தியம் இருக்கிறது. ஆனால் வராமல் தடுப்பதுதான் சுலபம்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கட்டியுள்ள ஆட்டின் கறியைத் தின்பதால் மனிதருக்கு இந்த நோய் வராது. நாய் வழியாகத்தான் வரும். ஆகவே 'நாங்க தொடலை, நாய்க்குப் போட்டுட்டோம்' என்பதுதான் தலைகீழான பாதுகாப்பு!

அந்த அம்மா பார்த்தது இந்தக் கட்டிதானா என்று சொல்ல முடியாது. மனிதரைப் பாதிக்காத வேறு வகை நீர்ப்பைகளும் ஆட்டின் வயிற்றில் உண்டு. வீட்டில் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதால் எல்லாவற்றையும் ஆபத்தானதாகவே நினைக்கவேண்டும். எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

இன்றே தொடங்குங்கள்

1. பனி காயும்வரை ஆடுகளை மேயவிடாதீர்கள். அதுவரை அகத்தி, சூபாபுல், வேம்புத் தழையைத் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

2. ஏரி உள்வாய், வாய்க்கால் கரை போன்ற ஈரமான இடங்களை மழைக்காலத்தில் தவிருங்கள்.

3. பட்டியைத் தினமும் கூட்டுங்கள். தீனியும் தண்ணீரும் தரையில் படாமல் உயரத்தில் இருக்கட்டும்.

4. புதிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மருந்து தந்து, பரிசோதித்த பிறகே மந்தையில் சேருங்கள்.

5. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டல் கலந்த பூச்சி மாத்திரை தரவேண்டும். பச்சை ஈரல், நுரையீரல் கூடவே கூடாது.

6. நாயைத் தொட்ட பிறகும், மண்ணில் விளையாடிய பிறகும், சாப்பிடும் முன்பும் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பச்சையாகத் தின்னும் காய்களை நன்றாகக் கழுவுங்கள்.

அந்த அம்மாவின் நாய்க்கு அன்றைக்கே மாத்திரை தந்தோம். ஈரலைத் தின்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஈரலால் வந்த புழு என்றால் முட்டையிட நேரமே இருந்திருக்காது. முன்பே இப்படிப் போட்டிருக்கலாம் என்பதால், சில நாளைக்கு அதன் மலத்தைக் கையில் படாமல் அள்ளிப் புதைக்கச் சொன்னேன். பையனைக் குடும்ப டாக்டரிடம் காட்டி விஷயத்தைச் சொல்லி வைக்கும்படியும் கேட்டுக்கொண்டேன்.

தோளில் வந்த ஆட்டைக் காப்பாற்ற முடியவில்லை. மிச்சம் ஐந்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து அந்த அம்மா ஒரு தொங்குதராசு வாங்கியிருக்கிறார். எடை பார்த்துத்தான் மருந்து. காலையில் தழை, சாயங்காலம் மேய்ச்சல். தை மாதம் வந்தபோது, "அஞ்சு ஆட்டுக்கும் கண்ணு செவப்பா இருக்கு சார்" என்றார்.

உங்கள் வீட்டு ஆட்டின் கண் என்ன நிறம்? நாளைக் காலை முதல் வேலையாகப் பாருங்கள்.