வீட்டை மாரியில் பாருங்கள்

மட்டக்களப்பில் வீடு தேடுகிற பழக்கம் நமக்குக் குறைவு. வீடு பெண்ணோடு வரும். தாய் கொடுத்த வளவில் மகள் இருப்பாள், மருமகன் அங்கே வந்து சேர்வார். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும் இதுதான் நடைமுறை. எந்தப் பழைய ஒழுங்கையிலும் இறங்கிப் பாருங்கள்: அக்காவின் வீடு, ஒட்டினாற்போல் தங்கச்சியின் வீடு, பின் வளவில் பெரியம்மா. எங்கே குடியிருப்பது என்று நம் தாய்மார் யோசிக்க வேண்டியே வரவில்லை.

எனக்கு வந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த அம்மாவின் வீடு அக்காவுக்குப் போயிற்று, எனக்குக் கொஞ்சம் வயற்காணி. கணவருக்கும் எனக்கும் வேலை நகரத்தில். வயிற்றில் மூத்தவள். வீடு தேடுகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட?"

கேட்பதில் ஞாயம் இருக்கிறது. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1820இல் எழுந்த வின்சன்ட் மகளிர் பாடசாலை, 1873இலிருந்து நடக்கும் புனித மிக்கேல், சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்தா என்று இந்தச் சின்ன நகரத்துக்கு உள்ள பெயர்கள் பெரியவை. தரகர்களுக்கும் இது தெரியும். "மிக்கேலுக்கு நடந்து போற தூரம் தங்கச்சி" என்ற ஒரு வசனத்திலேயே விலையில் சில லட்சம் ஏறிவிடும். ஆனால் தேடி அலைந்து, வாடகைக்கு இருந்து, கடைசியில் ஒரு வீட்டை வாங்கி இரண்டு பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் எனக்கு அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி என்றுதான் படுகிறது. முதற்கேள்வி தண்ணீர்.

தரகர்கள் வீடு காட்டுவது ஆடி, ஆவணியில். அந்த மாதங்களில் வாவி அழகாக இருக்கும். காற்று வரும், நிலம் காய்ந்து வெள்ளை மணலாகக் கிடக்கும், எந்தக் குழியும் மேடு மாதிரித் தெரியும். ஐப்பசி கடைசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கிய பிறகு அதே ஒழுங்கைக்குப் போனால் வேறு ஊர். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற நம் வாவியில், படுவான்கரைப் பக்கத்து ஆறும் குளமும் வயலும் வடிக்கிற தண்ணீர் எல்லாம் வந்து விழுகிறது. கடலுக்குப் போக அதற்கு இருப்பது பாலமீன்மடு முகத்துவாரமும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயும்தான். கோடையில் மணல் மூடிக்கிடக்கிற முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை தண்ணீர் கரையோர வளவுகளில்தான் ஏறி நிற்கும். அதனால் ஒரு வீடு பிடித்துப்போனால், வாங்குவதற்கு முன் கார்த்திகை மார்கழியில் விடாமல் பெய்த மழைக்கு அடுத்த நாள் போய்ப் பாருங்கள். தரகரைக் கூப்பிட வேண்டாம். குடையோடு தனியே போங்கள்.

எங்களுக்கு மாரி வரை பொறுக்க நேரம் இருந்தது. எல்லாருக்கும் இராது. அப்படியானவர்கள் கோடையிலும் சில அடையாளங்களைப் பார்க்கலாம். மதிலின் அடியில் ஒரே மட்டத்தில் ஓடுகிற பழுப்புக் கோடு. முன் வீட்டைவிடப் பின்னால் போட்ட குசினி மட்டும் இரண்டு படி உயர்ந்திருப்பது. பக்கத்து வெறும் வளவில் பன் முளைத்திருப்பது. பாய் இழைக்கிற அந்தப் பன், தண்ணீர் கட்டி நிற்கிற இடத்தில்தான் அப்படிச் செழிக்கும். கண்டல் மரம் நிற்கிற கரையில் புதிதாகக் கிறவல் கொட்டி நிரப்பிய காணியாக இருந்தால், நிரப்பும் முன் அது என்னவாக இருந்தது என்று ஒழுங்கையில் யாரையாவது கேளுங்கள். கேள்வியையும் ஆண்டு சொல்லிக் கேட்கவேண்டும். "வெள்ளம் வாறதா?" என்றால் எல்லாரும் இல்லை என்பார்கள். "2011 தையில தண்ணி எதுவரைக்கும் வந்த?" என்று நான் ஒரு ஆச்சியைக் கேட்டேன். எழும்பி வந்து தன் வாசற்படியில் கையை வைத்துக் காட்டினார். "இந்தப் படி மட்டும் வந்த புள்ள. அந்தா, அந்தச் சின்ன மதில் வீட்டுக்க கட்டில் மட்டத்துக்கு நிண்ட." அந்தச் சின்ன மதில் வீட்டைத்தான் தரகர் எங்களுக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலையும் கேட்கவேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய நிலம் கல்லடிப் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி, டச்பார், திருச்செந்தூர் என்று கரையோரம் முழுதும் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாவலடிச் சனத்தில் பலர் திராய்மடுவில் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் போனார்கள். இப்போது அதே கரையில் காணிகள் மறுபடி கைமாறுகின்றன, விடுதிகள் எழும்புகின்றன. வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன், நானே கல்லடிக்காரி ஆகிவிட்டேன். ஆனால் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்துக்கோ உயர்ந்த கட்டிடத்துக்கோ நடந்து போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அந்த நடையில்தான் நாங்கள் பிரதான வீதிக்குக் கடற்பக்கம் பார்த்த ஒரு நல்ல வீட்டை விட்டுவிட்டு, வாவிப்பக்கம் வந்தோம்.

மேலே வருகிற தண்ணீரைப் போலக் கீழே இருக்கிற தண்ணீரையும் பார்க்கவேண்டும். நிலத்தை மாரியில் பார்த்தால் கிணற்றைக் கோடையில் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும். வாவி ஓரத்துக் கிணறுகள் பல புரட்டாசியளவில் சவர் தட்டிவிடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது என்பதால் குடிக்கப் பயமில்லை. குளிக்க, துவைக்க, மரத்துக்கு ஊற்றக் கிணறு வேண்டும். இன்னொன்று மலகூடக் குழி. பத்துப் பேர்ச் சதுரக் காணி என்றால் ஒரு பக்கம் சுமார் ஐம்பத்திரண்டு அடி. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி விடவேண்டும் என்பார்கள். உங்கள் வளவுக்குள் ஒருமாதிரி விட்டுவிடலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தன் குழியை உங்கள் மதிலோடு வைத்திருந்தால்? மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்த பிறகு எட்டிப் பார்த்துப் பயனில்லை. வளவுக்குள் தாழ்ந்த கட்டுள்ள கிணறு இருந்தால் குடிபுகும் முன்பே கட்டை உயர்த்தி வலை போட்டுவிடுங்கள். டெங்குவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். எந்த ஒழுங்கையில் ஆண்டுதோறும் புகை அடிக்கிறோம் என்று அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

அடுத்தது சனம். அக்கா தங்கச்சிகளாக இருக்கும் ஒழுங்கைக்குள் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறவள், எவ்வளவு சிரித்தாலும், கொஞ்சக் காலத்துக்கு வெளியாள்தான். நாங்கள் வீடு பார்க்கப் போனபோது நான் அவர்களைக் கேட்டதைவிட அவர்கள் என்னைக் கேட்டது கூட. "எவடத்துப் புள்ள? அம்மா ஆரு? என்ன குடி?" எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, குறிப்பாகத் தாய்வழிக் குடியைக் கேட்கிற கடைசிக் கேள்வி. அதில் சாதியும் ஒளிந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சில ஒழுங்கைகளில் அந்தக் கேள்வி கேட்ட விதத்திலேயே நாங்கள் திரும்பிவிட்டோம். ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கு இப்படிக் கேட்கிற சனமும் தேவைப்படுகிறது. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும், எனக்கு வேலை ஐந்து மணிவரை. இடையில் என் பிள்ளை எந்த வீட்டில் சோறு தின்கிறாள், எந்தக் கிணற்றடியில் விளையாடுகிறாள், வாவிக்கரைக்குத் தனியே இறங்கினாளா என்று பார்த்துக்கொள்வது அந்த ஒழுங்கைப் பெண்கள்தான். உயர்ந்த மதிலும் இரும்புக் கேற்றும் வரிசையாக உள்ள புதுக் குடியிருப்பு ஒன்றையும் பார்த்தோம். அழகு, வெளிச்சம், வடிகான் எல்லாம் திறம். மாலை ஐந்து மணிக்கு ஒரு பிள்ளையும் வெளியே இல்லை. என் கணவருக்குப் பிடித்தது, எனக்கு இல்லை. பிள்ளை வளர்க்கிற இடம் எப்படி என்று அறிய அந்த ஐந்து மணியைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியாது. கோயிலும் ஒரு கணக்கு. வைகாசியில் அம்மன் குளிர்த்திக்கு ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று கேட்டு வையுங்கள். நித்திரை போகும், ஆனால் ஊர் உங்களைச் சேர்த்துக்கொள்வதும் அந்தத் திருவிழாக் காசில்தான்.

வீதியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கல்முனைப் பக்கமிருந்து வருகிறவை பெரும்பாலும் கல்லடிப் பாலத்தால்தான் நகருக்குள் நுழைகின்றன. 1924இன் பழைய இரும்புப் பாலத்தோடு 2013இல் புதியது வந்தபிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் காலை ஏழேகாலுக்கு அங்கே நின்று பார்த்துவிட்டு வீட்டின் தூரத்தைக் கணக்கிடுங்கள். படுவான்கரையிலும் இப்போது கதை மாறியிருக்கிறது. மண்முனையில் பாதைப் படகு ஏறி வாவியைக் கடந்து படித்தவள் நான். 2014இல் அங்கே பாலம் வந்தது. காணி விலை குறைந்த கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடு கட்டி நகருக்கு வந்துபோகலாம் என்று இளம் குடும்பங்கள் நினைப்பது இப்போது நடக்கக்கூடிய காரியம். பிரதான வீதியைக் கடக்காமல் பாடசாலைக்குப் போகக்கூடிய வீடு கிடைத்தால், ஓர் அறை குறைந்தாலும் எடுக்கலாம்.

இனிப் பாடசாலை. முதலாம் ஆண்டு அனுமதிக்குக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிடும். அதில் பெரும் பங்கு இடங்கள் வதிவிடத்துக்கு. பலர் நினைப்பதுபோல நடந்து போகிற தூரம் அல்ல அங்கே கணக்கு. வீட்டை மையமாக வைத்து, கேட்கிற பாடசாலை வரை ஒரு வட்டம் கீறுவார்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளை சேரக்கூடிய வேறு ஆரம்பப் பாடசாலைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். நகரத்து நடுவில் பாடசாலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆகவே பெரிய பாடசாலைக்கு "கிட்ட" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வீட்டின் வட்டத்துக்குள் இரண்டு மூன்று சின்னப் பாடசாலைகள் விழுந்துவிடலாம். வாவி குறுக்கே கிடக்கிற இடங்களில் வட்டம் தண்ணீரைத் தாண்டி அக்கரைப் பாடசாலையையும் தொடும். இயற்கைத் தடைகள் பற்றிச் சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்பதை அந்த நேரத்தில் வரிக்கு வரி வாசியுங்கள். முற்பணம் கொடுக்கும் முன், கைத்தொலைபேசி வரைபடத்தில் அந்த வட்டத்தை நீங்களே கீறிப் பாருங்கள். தரகர் கீறமாட்டார்.

அதோடு, வட்டத்துக்குள் இருப்பது மட்டும் போதாது, இருந்ததைக் காட்டவேண்டும். ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பு, உறுதி, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல். பிள்ளை ஐந்து வயதில் சேர்வதால் கணக்குப் பார்த்தால் குழந்தை பிறக்கிற காலத்திலேயே அந்த விலாசத்தில் பதிந்திருக்கவேண்டும். இடம் மாறியவுடன் கிராம சேவகரிடம் போய் கணவன், மனைவி இருவரின் பதிவையும் மாற்றுங்கள். ஒருவருடையதை ஊரிலேயே விட்டுவிடுகிறவர்கள் நேர்முகப் பரீட்சையில் புள்ளி இழக்கிறார்கள். உறுதி விடயத்தில் நம் பகுதிக்கே உரிய சிக்கல் சீதன உறுதி. தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து வைத்து எழுதிய உறுதியானால் அவர்களும் கையெழுத்து வைக்கவேண்டும். அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்காமல் நொத்தாரிசு உறுதி முடித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் மூத்தவளைப் பெரிய பெயருள்ள பாடசாலையில் சேர்க்கவில்லை. வட்டத்துக்குள் விழுந்த ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலையில் விட்டோம். வகுப்பில் பிள்ளைகள் குறைவு, மலகூடம் துப்புரவு, காலையில் அதிபர் கேற்றடியில் நிற்பார். இவை மூன்றும்தான் நான் பார்த்தவை. சித்தியடைந்தவர்களின் படம் போட்ட பதாகையை நான் பார்க்கவில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி எடுத்தால் ஆறாம் ஆண்டில் பெரிய பாடசாலைக்குப் போகலாம் என்ற வழி எப்போதும் இருந்தது. அந்தப் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகளை ரியூசனில் போட்டுப் பிழிவது எனக்கு உடன்பாடில்லை, ஆனால் பரீட்சை இருக்கும்வரை வழியும் இருக்கும். இளையவனுக்கு இந்த அலைச்சல் ஒன்றும் வரவில்லை. அக்கா ஏற்கெனவே படிக்கிற பாடசாலை என்பதால் உடன்பிறந்தோர் பிரிவில் விண்ணப்பித்தோம். வீட்டுக் கடன்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.