மைக்கை அணைக்காதே, கண்ணு

செங்கல்பட்டிலும் கல்பாக்கத்திலும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறவள் நான். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு, திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், மதுராந்தகம் என்று பல ஊர்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இப்போது பலகையைவிட போனில்தான் அதிகம் ஆடுகிறார்கள். அதே போனில் பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களும் இருக்கின்றன. அண்ணன் தம்பியோடு அவற்றையும் ஆடுகிறார்கள். ஆடட்டும். என் வருத்தம் வேறு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெண் ஒருநாள் மைக்கை அணைத்துவிடுகிறாள். அடுத்து ஐடியை ஆண் பெயராக மாற்றிக்கொள்கிறாள். அப்புறம் ஆட்டத்தையே விட்டுவிடுகிறாள். தோல்விக்குப் பயந்து போனவள் இல்லை அவள், காதில் விழுந்ததைச் சகிக்க முடியாமல் போனவள். இனி ஒருத்தியும் அப்படிப் போகக் கூடாது. அதற்காகப் புதிதாக வரும் பெண்களுக்கும் பையன்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1. உள்ளே வர யாரிடமும் அனுமதி கேட்காதே, கண்ணு. பூஞ்சேரியில் பெண்கள் பிரிவில் 162 அணிகள் ஆடின. உக்ரைன் தங்கம், ஜார்ஜியா வெள்ளி, நம் அணிக்கு வெண்கலம். அந்த அணியில் துரோணவல்லி ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். நம் சென்னைப் பெண் வைஷாலி மூன்றாம் பலகையில் தனிநபர் வெண்கலமும் வாங்கினார். அப்போதும் பல செய்திகளில் அவர் 'பிரக்ஞானந்தாவின் அக்கா'தான். அடுத்த ஆண்டே கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். கோனேரு ஹம்பி, ஹரிகாவுக்குப் பிறகு இந்தியாவில் மூன்றாவது பெண். 2024-ல் புடாபெஸ்ட்டில் நம் பெண்கள் ஒலிம்பியாட் தங்கமே வென்றார்கள். இந்த ஆட்டத்தில் உனக்கு முன்னால் இத்தனை பேர் உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது. வந்து உட்கார்.

2. ஐடியில் உன் முழுப் பெயர், பள்ளி, ஊர், போட்டோ எதையும் போடாதே. கூட ஆடுகிறவன் எவ்வளவு நல்லவனாகத் தெரிந்தாலும் போன் நம்பர் கொடுக்காதே. இது ஆண் பிள்ளைக்கும் பொருந்தும் பாதுகாப்பு. ஆண் பெயரில் ஒளிந்து ஆடுகிற பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தன் குரலுக்காக அவள் வெட்கப்பட்டு ஒளிவதாக இருந்தால், அந்த வெட்கம் அவளுடையதே இல்லை, அவளைத் திட்டியவனுடையது.

3. ஆட்டத்தில் கோபம் வரும், சத்தம் வரும். "ஏன் கவர் குடுக்கல?", "எதுக்குத் தனியா ரஷ் பண்ணின?" என்று கத்தினால் அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. சரியென்றால் கேட்டுக்கொள், தப்பென்றால் பதில் சொல். "பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த கேம், போய் சமையல் பண்ணு" என்று சொன்னாலும், உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும், அது ஆட்டமே இல்லை. இரண்டையும் கலந்து, "கேமிங்னா அப்படித்தான் இருக்கும், தாங்கிக்கணும்" என்று சொல்கிறவர்கள் நிறைய. நம்பாதே. கெட்ட வார்த்தையைத் தாங்குகிற பயிற்சி எந்த ஆட்டத்தின் விதியிலும் எழுதப்படவில்லை.

4. நீ ஜெயித்தால் வேறொரு பேச்சு வரும்: "ஹேக் போட்டிருக்கா", "அவ அண்ணன் ஆடறான்". கொரியாவில் கெகுரி என்ற பெயரில் ஓவர்வாட்ச் என்ற ஆன்லைன் ஆட்டத்தை ஆடிய பெண்ணுக்கு 2016-ல் இதுதான் நடந்தது. வயது 17. இவ்வளவு துல்லியமாகக் குறிபார்க்க முடியாது, ஏமாற்றுகிறாள் என்றார்கள். அவள் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், கைகளைக் கேமரா படம்பிடிக்க, எல்லாரும் பார்க்க ஆடிக் காட்டினாள். 2018-ல் ஓவர்வாட்ச் லீகில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவள்தான். அவள் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஆனால் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததே அநியாயம். நீ யாருக்காகவும் கேமராவைப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. சந்தேகம் வந்தவன் தளத்துக்குப் புகார் அனுப்பட்டும். ஏமாற்றுகிறவர்களைக் கண்டுபிடிக்கத் தளத்தாரிடம் வழி இருக்கிறது.

தோற்றாலும் பேசுவார்கள். 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ செஸ் போட்டியில் ஆடிவிட்டு வந்த திவ்யா தேஷ்முக், பார்வையாளர்கள் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு உடை, தலைமுடி, உச்சரிப்பு என்று மற்றதையெல்லாம் பேசுவதாக வெளிப்படையாக எழுதினார். அப்போது வயது 18. அடுத்த ஆண்டு ஜூலையில் ஜார்ஜியாவின் படுமியில் ஹம்பியை வென்று பெண்கள் உலகக் கோப்பையை எடுத்தார், இந்தியாவின் 88-வது கிராண்ட்மாஸ்டரும் ஆனார். "பார்த்தாயா, ஜெயித்து வாயை அடைத்துவிட்டாள்" என்று என்னிடம் பலர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. படுமியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருந்தாலும் திவ்யா சொன்னது சரிதான். மரியாதை கிடைக்கக் கோப்பை வாங்கியாக வேண்டும் என்றால், கோப்பை வாங்காத ஆயிரம் பெண்கள் என்ன செய்வார்கள்?

5. இனிப் பையன்களுக்கு. ஒலிம்பியாட் சின்னமாக வேட்டி சட்டையில் நின்ற குதிரைக்குத் 'தம்பி' என்று பேர் வைத்தார்கள் இல்லையா, அந்தப் பாசத்தோடுதான் கூப்பிடுகிறேன். தம்பி, பெண்ணிடம் தோற்கக் கற்றுக்கொள்.

1929-ல் கார்ல்ஸ்பாட் நகரத்தில் பெரிய செஸ் போட்டி. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் வேரா மென்சிக், முதல் பெண்கள் உலக சாம்பியன். ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரருக்கு அது பொறுக்கவில்லை. அவளிடம் தோற்கிறவர்களையெல்லாம் 'வேரா மென்சிக் கிளப்'பில் உறுப்பினராக்கிவிடலாம் என்று கேலி பேசினார். அந்தப் போட்டியிலேயே அவளிடம் தோற்று முதல் உறுப்பினரானவர் அவர்தான்.

இந்தக் கதையை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு முக்கியமானவர் பெக்கர் அல்ல, அதே கிளப்பில் பின்னால் சேர்ந்த ஹாலந்துக்காரர் மாக்ஸ் யூவே. 1930-களின் தொடக்கத்தில் ஹேஸ்டிங்ஸ் போட்டிகளில் அவர் மென்சிக்கிடம் இரண்டு முறை தோற்றார். 1935-ல் அலெக்கைனை வென்று உலக சாம்பியன் ஆனார். பெண்ணிடம் தோற்றதால் அவர் ஆட்டம் எதுவும் குறைந்துவிடவில்லை.

நாற்பது ஆண்டு கழித்து நம் நாட்டில் ஒரு வழக்கு. 1976-ல் மும்பையைச் சேர்ந்த ரோகிணி காடில்கர், 13 வயதுச் சிறுமி, ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆட உட்கார்ந்தாள். ஒரு பெண் ஆடுவதா என்று ஆண் ஆட்டக்காரர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். அவள் அப்பா விடவில்லை. விஷயம் உலக செஸ் கூட்டமைப்பு வரை போனது. அப்போது அதன் தலைவர் யார் தெரியுமா? அதே யூவே. தேசியப் போட்டியானாலும் சர்வதேசப் போட்டியானாலும் பெண்களைத் தடுக்கக் கூடாது என்று அவர் தீர்ப்பளித்தார்.

தோற்ற அன்று அவர் மனதில் என்ன ஓடியது என்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் பின்னாளில் கையில் அதிகாரம் இருந்தபோது என்ன செய்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். நீ அடுத்த முறை ஒரு பெண் ஐடியிடம் தோற்கும்போது, கை உடனே சாட் பெட்டிக்குப் போகும். அங்கே "நல்ல ஆட்டம்" என்று மட்டும் எழுது. எழுத மனம் வரவில்லையா, எதுவும் எழுதாமல் வெளியே வந்துவிடு. அதுவும் கௌரவம்தான்.

6. இது இன்னும் கடினமானது, தம்பி. திட்டுகிறவன் ஒருத்தன்தான். நான்கு பேர் ஸ்குவாடில் மீதி இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் என் கேள்வி.

2021-ல் 'டாக்ஸிக் மதன் 18+' யூடியூப் சேனல் விவகாரம் உனக்கு நினைவிருக்கும். தடைசெய்யப்பட்ட பப்ஜியை ஆடிக்கொண்டே, பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசி நேரலை செய்ததாகப் புகார்கள் குவிந்தன. சேனலை நடத்திய மதனின் முன்ஜாமீன் மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை என்று நீதிபதியே சொன்னார். ஜூன் 18-ம் தேதி தருமபுரியில் போலீஸ் மதனைக் கைது செய்தது. கைதோடு எல்லாரும் கதையை முடித்துவிட்டார்கள். எனக்கு அது முடியவில்லை. அந்தச் சேனலுக்குச் சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த பள்ளிப் பிள்ளைகள் அதில் ஏராளம். அவர்கள் கேட்டார்கள், சிரித்தார்கள், காசு அனுப்பினார்கள், அதே வார்த்தைகளைத் தங்கள் ஸ்குவாடில் பேசிப் பார்த்தார்கள். ஒரு ஆளைக் கைது செய்யலாம். கேட்டுப் பழகிய காதுகளை யார் மாற்றுவது? நீதான் மாற்ற வேண்டும்.

பெரிய வீரம் எதுவும் தேவையில்லை. அவன் பேச ஆரம்பித்ததும், "டேய், கேமைப் பத்திப் பேசு" என்று சொல். ஒரே வரி. மறுபடி பேசினால் நீயே ரிப்போர்ட் அடி. அந்தப் பெண் அடிக்கட்டும் என்று விட்டுவிடாதே. ஆட்டம் முடிந்ததும் அவளுக்கு "ஸாரி, அவன் பேசினது தப்பு" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள். உதவி செய்ததற்குக் கூலியாக நட்பு கேட்காதே. அதுவும் தொல்லைதான்.

7. கண்ணு, எல்லை மீறிப் போனால் செய்ய வேண்டியது: அழிக்காதே. ஸ்கிரீன்ஷாட் எடு, குரல் என்றால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போடு, ஐடி பெயரும் நேரமும் தெரியட்டும். அப்புறம் ரிப்போர்ட், அப்புறம் பிளாக். இந்த வரிசையை மாற்றாதே. பிளாக் செய்தபின் ஆதாரம் தேடினால் கிடைக்காமல் போகலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல். பாரதிய நியாய சன்ஹிதாவில் 79-வது பிரிவு, பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் பேச்சுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. வேண்டாம் என்ற பிறகும் இணையத்தில் பின்தொடர்கிறவனுக்கு 78-வது பிரிவு. ஆபாசத்தை அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. உனக்கு 18 ஆகவில்லையென்றால் போக்சோ சட்டமே வரும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, சைபர் குற்றத்துக்கு 1930. இந்த மூன்று எண்ணையும் போனில் ஏற்றி வை.

8. அப்பா அம்மாவுக்கு. போனைப் பிடுங்காதீர்கள். என்னிடம் அழுத பெண்கள் பலரும் உங்களிடம் சொல்லாததற்கு ஒரே காரணம் அதுதான். "சொன்னா போனை வாங்கிடுவாங்க, மிஸ்." திருடனை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்காரனைப் பூட்டி வைக்கிற மாதிரியான வேலை அது. முன்பு பேருந்து நிறுத்தத்தில் வம்பு செய்தார்கள் என்று பெண்ணின் படிப்பை நிறுத்திய வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! 1998-ல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா தெருவில் நடந்த அத்துமீறலில் உயிரையே இழந்த பிறகுதான், தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. இப்போது அந்த நிறுத்தம் போனுக்குள் வந்திருக்கிறது. இந்த முறையாவது பெண்ணை வீட்டுக்குள் இழுக்காமல், அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஆண் பிள்ளையைப் பெற்றவர்கள், அவன் மைக்கில் என்ன பேசுகிறான் என்று ஒரு மாலை காதுகொடுத்துக் கேளுங்கள்.

9. சொல்லித் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நானும் அவர்களில் ஒருத்திதான். 2023 ஆகஸ்டில் பிரான்ஸில் 14 பெண் ஆட்டக்காரர்கள், செஸ் உலகில் ஆட்டக்காரர்களாலும் பயிற்சியாளர்களாலும் தாங்கள் பட்ட பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்டார்கள். அந்நியர்கள் மட்டும்தான் ஆபத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது போதாது. கோச்சோ சீனியரோ இரவில் தனியாக மெசேஜ் அனுப்பினால், கண்ணு, அம்மாவிடம் காட்டு. பாடத்தைப் பெற்றோர் இருக்கும் குழுவில் அனுப்பலாமே, தனியாக எதற்கு?

10. தனியாக ஆடாதே. பள்ளியில், தெருவில், இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொள்; நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாட். உங்களுக்குள் மைக் திறந்திருக்கட்டும். பழகிய பின் வெளியாட்களோடு ஆடும்போதும் ஒருத்தி பேச இன்னொருத்தி பக்கத்தில் இருப்பாள். பையன்களும் கேளுங்கள்: நாளைக்கு உங்கள் ஸ்குவாடில் புதிதாக ஒரு பெண் குரல் கேட்டால், "ஐயோ, பொண்ணா?" என்று ஆச்சரியப்படாதீர்கள். "வாங்க, எங்க இறங்கலாம்?" என்று கேட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.