விளையாட்டுக் கணிப்பொறியின் வெப்பமும் வேகக்குறைவும் – ஒரு நோக்கு

வெப்பம் என்பது வேறு. வெப்பநிலை என்பது வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘சூடு’ என்னும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். அறிவியல் தமிழோ இவற்றைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்திற்குப் பாயும் ஆற்றல் வெப்பம். ஒரு பொருள் எந்த அளவுக்குச் சுடுகிறது என்று காட்டும் எண் வெப்பநிலை. தீக்குச்சிச் சுடரின் வெப்பநிலை மிகுதி. ஆனால், ஓர் அண்டா வெந்நீர் ஆறும்போது வெளிவிடும் வெப்பமே மிகுதி. தமிழ்த்துறை மலரில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். கடந்த கோடை விடுமுறையில் இச்சொல் வேறுபாடு எங்கள் குடும்பத்துக்கு 30,000 ரூபாயை மிச்சப்படுத்தித் தந்தது என்பதே என் விடை.

என் இளைய சகோதரியின் மகன் காட்சித் தொடர்பியல் இரண்டாமாண்டு பயில்கிறான். முப்பரிமாண உருவங்களை அமைத்து அசையச் செய்யும் ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருளை அவன் பாடத்திற்காகப் பழகவேண்டியிருந்தது. அதற்கு வலிமையான வரைகலை அட்டை, அதாவது கிராபிக்ஸ் கார்டு, பொருத்திய கணிப்பொறி தேவை. அத்தகைய பொறியைத்தான் சந்தையில் ‘கேமிங் கம்ப்யூட்டர்’ என்ற பெயரில் விற்கிறார்கள். சார்ஜாவில் பணிபுரியும் அவன் தந்தை அனுப்பிய பணத்தில், பிறர் பயன்படுத்திய பொறியொன்று வாங்கப்பட்டது. 2020இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-10400எஃப் செயலியும், 2019இல் வெளிவந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் அட்டையும் அதில் இருந்தன. பழையவைதாம், எனினும் ஒரு மாணவனுக்குப் போதுமானவை.

சகோதரி வீடு மாறிய பிறகு அப்பொறி தளரத் தொடங்கியது. கார்ப் பந்தய விளையாட்டைத் திறந்தால் சில நொடிகள் ஓடும். பிறகு படம் வெட்டி வெட்டி நகரும். விசிறி இரைச்சலிடும். சில வேளைகளில் பொறியே அணைந்துவிடும். “விளையாடி விளையாடியே பெட்டியைக் கெடுத்துவிட்டான்” என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பழுது பார்க்கக் கொண்டுபோன கடையில் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கார்டு வீக் ஆகிவிட்டது, புதிதாகப் போட 30,000 ஆகும்” என்றார்கள். ஊருக்கு வரும் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அப்பணத்தை அனுப்பட்டுமா என்று மச்சான் தொலைபேசியில் கேட்டார். “நான் விளையாடினது உண்மைதான், மாமா. ஆனால் நான் கெடுக்கவில்லை” என்றான் பையன். அவன் குரலில் இருந்த வருத்தமே என்னை அந்தப் பெட்டியின் முன் உட்காரவைத்தது.

தன்னைக் காக்கும் தளர்ச்சி

நான் பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும், படித்தும் கேட்டும் அறிந்த ஓர் அடிப்படை எனக்கு உதவியது. செயலி கட்டைவிரல் நகத்தளவே உள்ள சில்லு. அந்த ஐ5 செயலிக்கு வகுக்கப்பட்ட வெப்ப அளவு 65 வாட். குறுகிய நேரத்திற்கு அதனினும் மிகுதியாகச் செல்லும். வானொலி பழுதுபார்ப்போர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயன் 25 வாட்டில் வேலை செய்வதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். சில்லின் உட்புற வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் அச்செயலி தன் துடிப்பு வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்கிறது. அதுவும் போதாதாயின் பொறி முழுவதும் அணைந்துவிடுகிறது.

இவ்வேற்பாடு எப்போதும் இருந்ததன்று. 2000ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த பென்டியம் 4 செயலியில், வெப்பநிலையை உணர்ந்து வேகத்தைக் குறைக்கும் அமைப்பு இருந்தது. வன்பொருள்களைச் சோதித்து எழுதிவந்த ‘டாம்ஸ் ஹார்டுவேர்’ குழுவினர் 2001இல் ஒரு சோதனை செய்தனர். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த உலோக வெப்பக்கடத்தியைக் கழற்றினர். பென்டியம் 4 நத்தைபோல ஊர்ந்ததே தவிர உயிர்விடவில்லை. கடத்தியைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அந்நாளைய ஏஎம்டி ஆத்லான் செயலியோ நொடிப்பொழுதில் புகைந்து கருகிற்று. இன்று எல்லா நிறுவனத்தாரும் இக்காப்பைச் செயலியிலேயே அமைத்துவிட்டனர்.

ஆகவே, வெப்பத்தால் வரும் வேகக்குறைவு சில்லின் பழுதன்று. சில்லு தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். பழுது அதற்கு வெளியே, வெப்பம் வெளியேறும் வழியில் எங்கோ இருக்கிறது. விளையாட்டு அப்பழுதை உண்டாக்கவில்லை, மறைந்திருந்ததை வெளிக்காட்டியது. ஒரு கடிதம் தட்டச்சு செய்யும்போது செயலி பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். நொடிக்கு 60 படங்கள் வேண்டும் விளையாட்டில், ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிநொடிக்குள் ஆக்கித் தரவேண்டும்.

அளந்து அறிதல்

நோயையும் அதன் முதலையும் நாடியறிந்த பிறகே மருந்து என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் முறை. இங்கு நாடி பார்க்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘எச்டபிள்யூ இன்ஃபோ’ என்னும் மென்பொருளை நிறுவிக்கொண்டோம். மூன்று எண்களை ஒருசேரப் பார்க்கவேண்டும்: செயலியின் வெப்பநிலை, அதன் துடிப்பு வேகம், வரைகலை அட்டை எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்னும் அளவு. வெப்பநிலையை மட்டும் பார்ப்பது பாதி நோயாளியைப் பார்ப்பது போன்றது.

பொறி சும்மா இருக்கும்போதே செயலி 62 டிகிரி காட்டியது. விளையாட்டைத் திறந்தோம். பத்து நொடிக்குள் 100. நொடிக்கு 400 கோடியாக இருந்த துடிப்பு 120 கோடிக்கு விழுந்தது. அவ்வேளையில் வரைகலை அட்டையோ 61 டிகிரியில், தன் ஆற்றலில் 40 விழுக்காடு கூடப் பயன்படாமல் காத்துக்கிடந்தது. செயலி கணக்கிட்டு அனுப்பினால்தான் அட்டை படம் வரையமுடியும். பிசைந்து தருபவர் கை ஓய்ந்தால் பரோட்டாக் கல்லில் நிற்பவர் என்ன செய்வார்? கடையில் சொன்னபடி புதிய அட்டை வாங்கியிருந்தால், அதுவும் இதேபோல் காத்துத்தான் கிடந்திருக்கும். அன்றிரவே மச்சானுக்குச் சொல்லி, பணம் அனுப்பவேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

வெப்பநிலை தாழ்ந்திருந்தும் வேகம் குறைவாக இருந்தால் அது வேறு நோய். அப்போது வெப்பத்தை விட்டுவிட்டு, திரையின் கம்பி அட்டையில் செருகப்பட்டுள்ளதா அல்லது மதர்போர்டில் செருகப்பட்டுள்ளதா, நினைவகத் துண்டு இரண்டுக்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறதா, மடிக்கணிப்பொறியாயின் மின்னிணைப்பு இல்லாமல் ஓடுகிறதா என்பனவற்றைப் பார்க்கவேண்டும்.

ஏற்றத்தின் விரைவு

இனி, வழியில் எவ்விடத்தில் அடைப்பு? சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கும், மூடியிலிருந்து களிம்பு வழியாக வெப்பக்கடத்திக்கும், கடத்தியின் தகடுகளிலிருந்து விசிறிக் காற்றுக்கும், அக்காற்றிலிருந்து கேபினெட்டுக்கு வெளியேயும் வெப்பம் செல்லவேண்டும். கடைகளில் இக்கடத்தியை ‘கூலர்’ என்கிறார்கள். இப்பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அது குளிர்ச்சி எதையும் உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அவ்வளவே.

வெப்பநிலை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதே அடைப்பின் இடத்தைக் காட்டும் சிறந்த அடையாளம். காற்றோட்டம் குறைவாயின் கடத்தியின் உலோகம் முழுவதும் முதலில் சூடேறவேண்டும். அதற்குப் பத்து இருபது நிமிடங்கள் ஆகும். நொடிகளில் உச்சத்தைத் தொட்டால், வெப்பம் கடத்தியையே சென்றடையவில்லை என்று பொருள். மற்றொரு சோதனையும் உண்டு. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். வெப்பநிலை நன்றாக இறங்கினால் குற்றம் காற்றோட்டத்தில். எங்கள் பொறியில் 2 டிகிரிதான் இறங்கியது. அதிலும் உச்சியைத் தொட எடுத்துக்கொண்ட நேரமே சற்றுக் கூடியது. குற்றம் செயலிக்கும் கடத்திக்கும் இடையில் என்பது உறுதியாயிற்று.

மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, கைவிளக்கின் ஒளியில் பார்த்தோம். இச்செயலியுடன் இன்டெல் தரும் கடத்தி நான்கு பிளாஸ்டிக் முளைகளால் மதர்போர்டில் பொருத்தப்படுகிறது. அவற்றுள் ஒன்று கழன்று மேலே நின்றது. கடத்தி ஒருபுறம் சாய்ந்திருந்தது. விரலால் அழுத்தினால் அசைந்தது. வீடு மாறியபோது வண்டியின் குலுக்கலில் நேர்ந்திருக்கவேண்டும். “அப்போ விளையாட்டு இல்லை, மாமா?” என்றான் பையன். இல்லை என்றேன்.

மயிரிழை இடைவெளியும் பெருங்கேடாவது ஏனெனில், காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவது. செம்பின் கடத்துதிறன் ஏறத்தாழ 400 எனில் காற்றினுடையது 0.026தான். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் தங்கும் அக்காற்றை வெளியேற்றவே இடையில் களிம்பு தடவுகிறார்கள். களிம்பும் செம்புக்கு ஈடன்று. ஆதலால் மெல்லிய படலமே போதும், மிகுதியாக அப்புவது பயன் தராது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்துவிடும். எங்கள் பொறியில் ஒரு மூலையில் சுண்ணாம்புபோல் காய்ந்திருந்தது.

கடத்தியைக் கழற்றி, பழைய களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்தோம். 250 ரூபாய்க்கு வாங்கிய புதிய களிம்பைப் பட்டாணியளவு நடுவில் வைத்தோம். முளைகளை வரிசையாக அழுத்தாமல் எதிரெதிர் மூலையாக, ‘டக்’கென்னும் ஒலி கேட்கும்வரை அழுத்தினான் பையன். நான்கு முறை அவ்வொலி கேட்டதா என்று எண்ணிக்கொண்டிருந்தது மட்டுமே என் பணி.

பொறியை இயக்கியதும் 43 டிகிரி. விளையாட்டில் 75. துடிப்பு 400 கோடியிலேயே நின்றது. வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. ஆனால், அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் 89! மெல்ல மெல்ல ஏறியிருந்தது. முதல் நோய் நீங்கிய பிறகுதான் அதன் பின்னால் ஒளிந்திருந்த இரண்டாவது தெரிந்தது. மெதுவான ஏற்றம் என்பதால் இம்முறை காற்றோட்டத்தைத் தேடினோம்.

தேட வேண்டியதே இல்லை. அழகுக்காகப் பொறியை மேசையின் கீழ்த்தட்டில், முதுகுப்புறம் பலகையடித்த அறைக்குள் வைத்திருந்தார்கள். பின் விசிறி வெளித்தள்ளிய வெப்பக் காற்று அவ்வறைக்குள்ளேயே சுழன்று, முன் விசிறி வழியாக மீண்டும் உள்ளே சென்றது. முன்பக்க வலையில் பஞ்சுபோல் தூசி. பொறியை நிறுத்தி, மொட்டைமாடிக்குக் கொண்டுசென்று, விசிறிகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதினோம். காற்றின் விசையில் விசிறியைச் சுழலவிட்டால் பழுதாகக்கூடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் வெளியிலிருந்தே ஊதவேண்டும், அதனைத் திறக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். பின்னர்ப் பொறியை மேசைக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒரு மணி நேர ஓட்டத்திற்குப் பின் 77 டிகிரி.

77 என்பது மிகுதியன்றோ, வெளிநாட்டார் 65 என்று எழுதுகிறார்களே என்று பையன் ஐயுற்றான். அவர்கள் சோதிக்கும் அறை பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும். சித்திரையில் எங்கள் அறை 37. எந்த விசிறியும் அறைக் காற்றைவிடக் கீழே சில்லைக் குளிர்விக்க இயலாது. அறையின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதையே கணக்கிடவேண்டும். அவர்களுக்கு 25க்கு மேல் 40; எங்களுக்கும் 37க்கு மேல் 40. எண்ணை மட்டும் ஒப்பிட்டு ஏங்குவது வீண்.

உடனே திறந்து பார்க்க வசதியில்லாத மாணவர்கள் முதலுதவியாக இரண்டைச் செய்யலாம். விளையாட்டின் அமைப்பில் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பிடலாம். விண்டோசின் மின்திட்ட அமைப்பில் செயலியின் உச்ச அளவை 100இலிருந்து 99 விழுக்காடாக மாற்றினால், பெரும்பாலான இன்டெல் பொறிகளில் கூடுதல் வேகப் பாய்ச்சல் நின்றுவிடும். வேகம் சிறிது குறைந்தாலும் வெப்பம் அதனினும் மிகுதியாகக் குறையும். ஏனெனில் மின்னழுத்தமும் உடன் தாழ்கிறது, செலவாகும் மின்திறனோ மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. தேர்வுக்குரிய படைப்பை முடித்துக் கொடுக்க இது போதும். ஆனால், கழன்ற முளை கழன்றபடியேதான் இருக்கும்.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைக்கும் வழக்கம் விடுதிகளில் காணப்படுகிறது. சோதனைக்கு நன்று, நாள்தோறும் செய்தால் தூசி வந்து நிறையும்.

மச்சான் ஊருக்கு வந்துபோனார். பையன் தன் பருவத்தேர்வுப் படைப்பை அவர் முன்னால் ஓட்டிக் காட்டினான். வரைகலை அட்டையின் இரு விசிறிகளுள் ஒன்று மட்டும் இன்னும் இலேசாக முனகுகிறது. அட்டையின் வெப்பநிலை 70க்கு மேல் ஏறவில்லையாதலால் அதை அரையாண்டு விடுமுறைக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.