வாடாத மல்லிகை எங்கே போகும்?

தேவ்நார், மும்பை

அன்புள்ள கயல்,

கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் மல்லிகைச் சரத்தை எட்டித் தொட்டுவிட்டு ஒன்று கேட்டாய். “பார்க்க அசல் மாதிரியே இருக்கு, வாடவும் வாடாது. அப்புறம் எதுக்கு மாமா அசல் பூ?” அத்தை சிரித்தாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போலி என்றாலே தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு பிடி மஞ்சளைக் குழைத்துப் பிடித்து, உச்சியில் அறுகம்புல்லைச் செருகினால் பிள்ளையார். தும்பிக்கையும் இல்லை, தொந்தியும் இல்லை, ஆனாலும் கைகூப்புகிறோம். பூசை முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். சினிமாவும் அப்படித்தான். இங்கே பக்கத்தில்தான் ராஜ் கபூர் 1948-இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இருந்தது. 1951-இல் வந்த ‘ஆவாரா’வின் கனவுக் காட்சியில் தெரியும் மேகமெல்லாம் வெறும் புகை. சனங்கள் அது தெரிந்தேதான் டிக்கெட் வாங்கினார்கள். படம் முடிந்தது, வீட்டுக்குப் போனார்கள்.

இந்த இரண்டு போலிக்கும் ஒரு முடிவு இருக்கிறது. வாசல் சரத்துக்கு?

மாட்டுங்காவில் மதியம் வாங்கும் மொட்டுச் சரம் ஈரத் துணிக்குள் இறுகிக் கிடக்கும். அந்தி சாய்ந்ததும் விரிந்து வீடெல்லாம் மணக்கும். மறுநாள் பழுப்பேறும். தொட்டியில் போட்டால் சில வாரத்தில் மண்ணோடு மண். பிளாஸ்டிக் சரம் முதல் மாதம் வெள்ளையாக இருந்தது, அடுத்த மாதம் தூசி படிந்தது. அத்தை சோப்புத் தண்ணீரில் அலசியபோதுதான் கவனித்தேன்: இதழோரத்தில் அச்சு விட்டுப்போன ஒரு கோடு, எல்லாப் பூவிலும் ஒரே இடத்தில். மழைக்காலம் முடிவதற்குள் நிறம் மங்கிவிட்டது. கழற்றிக் குப்பையில் போட்டோம்.

மொட்டை மாடியில் நின்று, “அந்த மலைக்குப் பேரென்ன மாமா?” என்றாயே, அதைச் சொல்கிறேன். அது மலையல்ல. 1927 முதல் மும்பை கொட்டிவந்த குப்பை. 300 ஏக்கருக்கு மேல் பரப்பு. மாநகராட்சிக் கணக்கில் ஏறத்தாழ 1.85 கோடி டன். இப்போது நகரத்துக் குப்பையில் பெரும்பகுதி காஞ்சூர்மார்க்குக்குப் போனாலும், இங்கே லாரி வருவது நிற்கவில்லை. மழை பெய்தால் சரிவில் புல் முளைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நம்மூர்க் குன்றுபோலவே இருக்கும். உள்ளே மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. 2016 ஜனவரியில் பற்றி எரிந்தபோது அந்தப் புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. இந்த வட்டாரத்துப் பள்ளிகளை மூடினார்கள். பிளாஸ்டிக் பூவை அந்த மண்ணும் தின்னாது. வெயிலில் நொறுங்கித் தூளாகும், அவ்வளவுதான். அந்தக் குப்பைக்கு நடுவே நின்று கையால் பொறுக்கிப் பிழைப்பவர்கள் நம் வாசலில் அந்தச் சரம் தொங்கிய அழகைப் பார்த்தவர்கள் அல்லர்.

அதனால், இனி ஒன்றைக் கையில் எடுக்கும்போது அசலா போலியா என்பதோடு நிறுத்திவிடாதே. நமக்கு அலுத்த பிறகு இதை யார் சுமப்பார்கள் என்றும் கேள்.

வாசலில் இப்போது மாவிலை கட்டியிருக்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், வேலைதான். அடுத்த கோடையில் அந்த வேலை உன்னுடையது.

அன்புடன்,
மாமா